காலி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
லாரியை முதலில் காலியாக ஏற்றச் சொல்வேன்.
பிறகுதான் லோடு.
சரக்கு என்பது
இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருப்பது.
பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

கோயம்புத்தூரில் ஒருத்தன்
என் முகத்தைப் பார்த்ததும் பதினெட்டாயிரம் கேட்டான்.
போட்டோ ஆல்பம், உறுப்பினர் கார்டு,
விளம்பரத்தில் நடிக்க இந்த மூக்கு போதும் என்று ஒரு வார்த்தை.
கட்டினேன்.
ஆல்பம் வந்தது. அவன் நம்பர் போய்விட்டது.
இப்போது ரசீது எழுத அதைத்தான் அடியில் வைக்கிறேன்,
வழவழவென்று இருக்கிறது, பேனா நன்றாக ஓடுகிறது.

லிஜி தரகன் கிடைத்தது அதற்கப்புறம்.
குடும்பப் பேரே தரகன்.
நான் சிரித்தேன். எர்ணாகுளத்து முனையில் சிரிப்பில்லை.
"எனக்கு முன்பணம் வேண்டாம்.
உங்களுக்கு வந்தால் நூற்றுக்கு இருபது.
வராவிட்டால் ரெண்டு பேருக்கும் பூஜ்யம்."
முதல்முறையாக ஒரு பூஜ்யத்தை நம்பினேன்.
"தாடியை எடுங்கள். மீசை இருக்கட்டும்.
ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக்குப் போய்ப் படியுங்கள்."

டயர் கடைக்கு மேலே ஒரு அறை.
சொல்லித்தந்த ஹசீனா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
மூன்று வாரம் அழவே விடவில்லை;
நான் அழுவதற்குத்தான் தயாராகிப் போயிருந்தேன்.
பிஸ்கட்டைக் கடி. முழுங்காதே. வாளியில் துப்பு.
இருபதாவது கடியையும் முதல் கடியாகக் கடி.
டப்பாவின் பெயர்மேல் விரல் படக்கூடாது,
படாமல் பிடிக்கிறாய் என்பதும் தெரியக்கூடாது.
பெயர், உயரம், இடது பக்கம், வலது பக்கம், கைகள்.
நீட்டினேன்.
நகக்கண்ணில் கிரஷர் தூசி.
"கழுவ வேண்டாம்" என்றாள்,
"சிமென்ட்காரன் வந்தால் இதற்கே காசு."

பதினாறு இடத்தில் வேண்டாம் என்றார்கள்.
கொச்சியில் என் மலையாளத்தில் தமிழ் அடித்தது.
சென்னையில் என் தமிழில் மலையாளம்.
கொழிஞ்சாம்பாறை ஸ்டாப்பில் இறங்கும்வரை
எந்த மொழியில் தோற்றேன் என்பதே பிடிபடாது.

பதினேழாவது, தண்ணீர்த் தொட்டி.
"முப்பத்தைந்துக்கு மேல். சாதாரண முகம்."
என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.
வசனம் ஒரே சொல்: நிறைஞ்சிடுச்சு.
முப்பத்தெட்டு தடவை சொன்னேன்,
மொட்டை மாடியில், வராத தண்ணீரை எட்டிப் பார்த்து.

டிவியில் வந்தபோது
தமிழில் எவனோ நிறைஞ்சிடுச்சு என்றான்,
மலையாளத்தில் எவனோ நிறஞ்ஞு என்றான்.
வாய் மட்டும் என்னுடையது.
ஸ்டெல்லா கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"தொட்டி ஒண்ணு குடுத்தாங்களா?"
எங்கள் தொட்டி மூன்று மாதமாக ஒழுகுகிறது.

பன்னிரண்டாயிரம்.
அதில் லிஜிக்கு இரண்டாயிரத்து நானூறு,
வரிப்பிடித்தம், பஸ், இரவல் சட்டைக்கு இஸ்திரி,
போட்ட லீவுக்கு முதலாளி வெட்டியது.
தொண்ணூறாம் நாள் வந்தது.
மீதியைக் குறித்து வைத்தேன், ரசீதின் பின்பக்கம்.

ராத்திரி லாரி இல்லாத நேரம்
மேடையில் நானே ஏறி நின்றேன்.
அறுபது டன் மேடை,
பத்துப் பத்து கிலோவாகத்தான் மனிதனைப் பார்க்கும்.
எழுபது என்றது.
இறங்குவதற்குள் போன்.
"செவ்வாய்க்கிழமை திருச்சூர். பிரஷர் குக்கர்.
மாமனார் வேஷம், நரை பூசச் சம்மதமா?"
பெண்ணுக்கு என்ன வயது என்றேன்.
"முப்பத்து நாலு."
எனக்கு நாற்பத்தொன்று.
சரி என்றேன்.

எம்-சாண்ட் வண்டி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது.
டிரைவர் தலையை வெளியே நீட்டி
என்னையே பார்த்தான்.
"அண்ணே, நீங்க அந்த டேங்க்கு…"
"முன் சக்கரம் வெளியே நிக்குது, ஏத்து" என்றேன்.

சொல்லும்போதே முகம்
தானாக இடது பக்கம் திரும்பியிருந்தது.