பழுப்பு வட்டம்

தேர்ஸ்டன் வீதிப் பக்கம், நான்காம் மாடி.
ஊசி கழற்றிய சிரிஞ்சைப்
புகையிலைச் செடியின் இலைமுதுகில்
விரலால் அண்டக் கொடுத்து அழுத்துகிறேன்.
ஈரம் காசளவு பரவிக் கறுக்கிறது.
உள்ளே பல லட்சம் பாக்டீரியா.
நாளைக் காலைவரை எனக்கு வேலை இல்லை,
இலைக்குத்தான்.

இலைக்கு இரத்தம் கிடையாது.
ஓடிவந்து பிடிக்கும் வெள்ளணு கிடையாது.
ஒவ்வொரு கலமும் தன் வாசலில்
தானே நிற்க வேண்டும்.
வந்தவன் முகம் அதற்குத் தேவையில்லை.
நீந்திவந்த வாலிலிருந்து பிய்ந்த
இருபத்திரண்டு அமினோ அமிலம் போதும்,
மென்சவ்வில் நீட்டிவைத்த புரதம்
தடவிப் பார்க்கும், கவ்விக்கொள்ளும்.
கல்சியம் உள்ளே பாயும்.
இலைவாய்கள் ஒவ்வொன்றாய் இறுகும்.
ஐதரசன் பேரொட்சைட்டு கொப்பளிக்கும்.

அதை அளக்கத்தான்
இன்னோர் இலையைத் துண்டு துண்டாய் வெட்டி
லுமினோலில் மிதக்கவிட்டுக்
கருவிக்குள் இருட்டில் வைத்திருந்தோம்.
கண்ணுக்கு எட்டாத வெளிச்சம், கருவிக்கு எட்டும்.
கோடு ஏறிக்கொண்டே இருந்தது.
ஆறாம் நிமிடம் கரண்ட் போனது.
சமன்மலி சிங்களத்தில் திட்டினாள்,
நான் தமிழில்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
இருட்டுப் பெட்டிக்குள்
அந்தத் துண்டுகள் பாட்டுக்கு
ஒளிர்ந்துகொண்டிருந்திருக்கும்.

எல்லா வாலும் அகப்படாது.
தக்காளியை வாட்டுகிற கிருமி
அந்த இருபத்திரண்டில் சிலதை மாற்றிப் போட்டுக்கொண்டு
கேள்வியே இல்லாமல் கடந்துவிடும்.
வேறு சில, நுண்குழாய் ஒன்றைக் குத்திக்
கலத்துக்குள் தம் புரதத்தை அனுப்பி
மணிக் கயிற்றை அறுக்கும்.

அதற்கும் உள்ளே ஒருவர் உண்டு.
கள்வனைத் தேடிப் போவதில்லை.
ஒரு பூட்டின் பக்கத்தில் சும்மா குந்தியிருப்பார்.
பூட்டு அறுபட்டால் தெரிந்துகொள்வார்.
தெரிந்தபின் செய்வது ஒன்றே,
வீட்டோடு எரிவது.
உணவும் நீரும் அற்றுக்
கிருமி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

போன பரீட்சையில் இதைத் 'தியாகம்' என்று
ஒரு பிள்ளை எழுதியிருந்தது.
சிவப்புப் பேனையைத் திறந்தேன்.
பதிலுக்கு என்ன சொல் போடுவது?
அரைப் புள்ளி மட்டும் குறைத்தேன்.

நூறாம் நம்பர் பஸ், வெள்ளவத்தைக்கு.
பக்கத்து சீற்றில் ஒருத்தி
நெற்றியில் தைலம் தேய்த்தாள்.
மெதைல் சலிசிலேற்று.
நோய் கண்ட இலை காற்றில் விடுவதும் இதைத்தான்.
நோய் காணாத இலைகள் அதை வாங்கி
இன்னும் வராத ஒன்றுக்குக்
கதவைச் சரிபார்க்கத் தொடங்கும்.
"தலையிடியோ அக்கா?"
"இல்லைப் பிள்ளை, பின்னால ஆரோ இருமுகினம்."
நான் யன்னலை முழுக்கத் திறந்துவிட்டேன்.
பம்பலப்பிட்டி உப்புக்காற்று வந்தது.

காலையில் இலையில்
காய்ந்த பழுப்பு வட்டம்.
விளிம்பு பிளேட்டால் வெட்டியது மாதிரி.
அதற்கு அப்பால் ஒரு மயிரிழைகூடப்
பச்சை குறையவில்லை.
அடிமட்டம் வைத்தேன், பதினொரு மில்லிமீற்றர்.
நேற்று அறுந்துபோன கோட்டுக்கு நேரே
'மின்வெட்டு' என்று எழுதி
அடுத்த இலையைத் திருப்பிப் பிடித்தேன்.