விடுப்பு விண்ணப்பம்

சுற்றறிக்கை வந்துவிட்டது:
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குச் செய்யுள் வேண்டாம்.
எழுத்துக்கூட்டினால் போதும்,
படிவம் நிரப்பினால் போதும்.
தப்பென்று சொல்ல மாட்டேன்.
உசிலம்பட்டி பேங்கில்
மையொட்டிய பெருவிரலோடு நிற்கும் தாய்மார்களை
எனக்கும் தெரியும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை,
மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்க,
கள்ளத்தனமாய் ஒரு பழம்பாட்டு.
பொருள் தேடிக் காடு கடந்து போனவன்.
வீட்டில் இருப்பவள்.
"போன் இல்லையா டீச்சர்?"
கடைசி பெஞ்சு காசிமாயன்.
வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.
கரும்பலகையில் எழுதினேன்: பொருள்வயின் பிரிவு.
பஸ் போர்டு படிக்கிற மாதிரி
உதடு அசைய
பார்த்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை பயிற்சி, விடுப்புக் கடிதம்.

"மதிப்பிர்குறிய டீச்சர்,
சூரத்தில் முறுக்குப் போட
பொருள்வயின் பிறிந்த என் அப்பா
நாலு வருசம் கழித்து நாளை வருகிறார்.
மதுரை ஜங்சனுக்குப் போகனும்."

சிவப்பில் சுழித்துக்கொண்டே வந்தேன்,
சுழிக்கத்தானே வேண்டும்.
'பிறிந்த'வில் மட்டும்
பேனா கொஞ்சம் நின்றது:
நாலு வருசத்தை
இடையின ரகரம் தாங்குமா?

பிறகு அதையும் சுழித்தேன்.
லீவு கொடுத்தேன்.