டயர்க் கடைக்கு மேலே

கரடிப்போக்குச் சந்தியில்
டயர்க் கடைக்கு மேலே
நான் வாடகைக்கு எடுத்த அறையில்
இரவு பத்து மணிக்கும் ஊதா வெளிச்சம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பியூட்டி பார்லர்.
எதிர்ப்பக்கத்து பாமசிக்காரருக்கு
சொல்லக் கூசுகிற வேறேதோ.
மீற்றர் பார்க்க வந்த பெடியன்
இலக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
திரும்பவும் இலக்கத்தைப் பார்த்தான்.
"அக்கா, உள்ளுக்கை ஐஸ் பக்டறியோ?"

உள்ளுக்கை
சுவரோடு சுவராய் ஆறு தட்டு.
தட்டுக்கு நாலு வெள்ளைப் பைப்.
பைப்புக்குப் பதினெட்டு ஓட்டை.
ஓட்டைக்கு ஒரு சலாது.
நானூற்று முப்பத்திரண்டு.
எண்ணி முடித்துவிட்டுத்தான் படுப்பேன்.
எண்ணுகிற பழக்கம்
செட்டிகுளத்துச் சாப்பாட்டு வரிசையில் பிடித்தது,
எனக்கு முன்னால் எத்தனை தலை என்று.

மண் ஒரு பிடியும் இல்லை.
சொன்னால் சிரிக்கிறார்கள்.
"மண்ணில்லாமல் தோட்டமோ, அதுவும் வன்னியிலை?"
நான் விளக்கப் போவதில்லை.
என் பேரில் உறுதி உள்ள இரண்டரை ஏக்கர்
ஒரு மஞ்சள் கல்லுக்கு அந்தப் பக்கம்
காடு என்று எழுதப்பட்டுக் கிடக்கிறது.
அங்கே நிற்கிற பாலைக் கன்றுகளுக்குப்
பதின்மூன்று வயது.
காடு அவ்வளவு கெதியாய்ப் பழசாகும் என்பதைக்
கச்சேரியில்தான் படித்தேன்.

கார்த்திகை.
வெளிச்சம் என்றாலே கேள்வி வருகிற மாதம்.
மூன்று பேர் ஏறி வந்தார்கள், ஒருவர் மட்டும் உடுப்பில்.
சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன்.
கழற்றினார்கள்.
மூத்தவர் குனிந்து மணந்தார்.
தேடி வந்த மணம் அங்கே இல்லை.
ஒரு கன்றைப் பிடுங்கினார்.
வேர் முழுக்க வெள்ளை,
தலைக்குக் குளித்தவளின் நரைபோல் சொட்டியது.
"இது எதில முளைக்குது?"
"தண்ணியிலை, சேர்."
"மண்?"
"இல்லை, சேர்."
நோட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார்.
நீளமாக எழுதினார்.
இல்லாத மண்ணைப் பற்றி
அவ்வளவு எழுத என்ன இருந்ததோ.

போகும்போது கிலோ என்ன விலை என்றார்.
மனைவிக்குச் சீனி வருத்தமாம்.
அரைக் கிலோ சுற்றிக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்று வாய்வரை வந்தது.
வாங்கினேன்.

பிறகு மார்கழி மழை.
இரணைமடு வான் கதவுகள் திறந்த இரவு
ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
வயலில் தண்ணீர், வீதியில் தண்ணீர்,
பாமசிக்காரரின் முதல் படியில் தண்ணீர்.
என் பைப்புகளில் மட்டும் இல்லை.
மோட்டர் நின்றால் வேர்
ஒரு மணித்தியாலம் தாங்கும், கூடினால் இரண்டு.

கீழே டயர்களுக்கிடையில் படுக்கிற அமலதாஸ்
என் கத்தல் கேட்டு ஏறி வந்தான்,
பஞ்சர் பார்க்கிற வாளியோடு.
டோச் வெளிச்சத்தில்
பீப்பாவிலிருந்து மொண்டு, மேல் தட்டில் ஊற்றி,
கீழே வடிந்ததைத் திரும்ப மொண்டு,
இரண்டு மோட்டர்களாய் இருந்தோம்
விடிய நாலேகால் வரைக்கும்.
இடையில் ஒருமுறை ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டான்.
கனநேரம் சப்பினான்.
"தண்ணியை மடிச்சுத் தின்னுற மாதிரிக் கிடக்கு.
இதுக்கே இவ்வளவு பாடு?"
"யாழ்ப்பாணத்து ஹோட்டல்காரர் சாப்பிடுவினம்."
"அவை தின்னட்டும்" என்று அடுத்த வாளியை மொண்டான்.

கறண்ட் வந்தபோது எண்ணினேன்.
நானூற்றுப் பதினொன்று.
செத்த இருபத்தொன்றை
அமலதாஸின் ஆட்டுக்குக் கட்டிக் கொடுத்தேன்.
ஆடு முறைப்பாடு சொல்லவில்லை.

ஊதா வெளிச்சத்தில் பார்க்கிறேன்,
வாசலிலிருந்து பீப்பா வரைக்கும்
அவன் காலோடு ஏறி வந்த சேறு.
ஈரமாய், கறுப்பாய், விரல் பதிந்து.
வெள்ளம் அள்ளி வந்தது.
எவருடைய காணியோ,
எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கமோ.

கொஞ்ச நேரம் துணியோடு நின்றேன்.
பிறகு துடைத்தேன், குளோரின் போட்டு, இரண்டு தரம்.
மண்ணில் பூஞ்சணம் இருக்கும்.
வேருக்குக் கூடாது.