பாதியில் கோடு போட்ட மாத்திரை

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
தங்களுக்கு என்ன தெரியும்?
பெயர் எழுதினேன், ரத்த வகை எழுதினேன்,
அந்தக் கட்டத்தில் சின்னதாய் ஒரு கோடு இழுத்துப்
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி.
கேப்டன் காட்டன் கால்வாய் எழுந்து வந்து
மூன்று நாளாய்த் தெருவில் குடியிருந்தது.
ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் பதினெட்டுக் குடும்பம்,
கரும்பலகையில் யாரும் அழிக்காத பின்னக் கணக்கு.

அரிசி மூட்டை தூக்கப் போனேன்.
டேவிட்ராஜும் கூட்டாளிகளும் ஹார்பர் ஆட்கள்,
மூட்டை அவர்கள் தோளில்
பூனைக்குட்டி போல ஏறி உட்காரும்.
எனக்கு நாலாவது படியில் முழங்கால் உளறியது.
"அக்கா, நீ ஓரமா நில்லுக்கா" என்றான்,
மரியாதையாகத்தான் சொன்னான்,
அதுதான் வலித்தது.

உப்புமா கிண்டினேன். வீட்டு ஆழாக்கின் உப்புக் கணக்கு
அண்டாவுக்குப் புரியவில்லை.
சுற்றிலும் வெள்ளம்; சாப்பிட்டவர்கள் எல்லாம்
தண்ணீர் தண்ணீர் என்றார்கள்.
மைக்கைக் கொடுத்தார்கள்:
'போர்வை வாங்காதவர்கள்' என்று தொடங்கி
'மன்னிக்கவும்' என்று முடித்தேன்.

நாளை வர வேண்டாம் என்று தீர்மானித்து நடந்தேன்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
அது எப்போது திறந்திருந்தது?
கூட்ஸ் வண்டி, தன் வயதையே எண்ணுவது போல
ஒவ்வொரு பெட்டியாய்.

பக்கத்தில் லுங்கி நனைந்த ஒருவர்
சைக்கிள்காரரிடம் கேட்டார், ஆட்டோக்காரரிடம் கேட்டார்:
"மாத்திரைங்க. வூட்டோட அடிச்சிக்கினு போச்சி, சீட்டும் போச்சி.
ரோஸ் கலரு, நடுவுல கோடு, பாதி ஒடச்சிப் போடணும்.
பேரு தெரியலியே."

என் வாய்தான் கேட்டது, நான் இல்லை:
அட்டை வெள்ளியா, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கா?
காலையிலா, ராத்திரியா?
போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வருமா?
ஸ்டான்லியில் கொடுத்ததா, வெளியே வாங்கியதா?
அவர் சொல்லச் சொல்ல
என் கடையின் மூன்றாவது தட்டு, இடமிருந்து ஏழாவது டப்பா
தானாகத் திறந்து நின்றது.

கேட் திறந்தபோது இருவரும்
வந்த வழியே திரும்பினோம்.

தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்பில் பதினோரு வருஷம்.
அதைத் தெரிந்தது என்று நான் எண்ணியதே இல்லை.
சம்பளத்துக்குச் செய்வது எப்படித் திறமையாகும்?
நின்று நின்று கால் வீங்கியது மட்டும்தான்
அதில் நான் சம்பாதித்ததாய் நினைத்திருந்தேன்.

மறுநாள் பின்னக் கணக்கின் கீழே பெஞ்சு போட்டேன்.
வந்தார்கள்.
தாமரைக் கலர் என்றார்கள், மூக்குத்தி சைஸ் என்றார்கள்,
"கசக்கும், ஆனா உடனே கசக்காது" என்றார் நசீமா பானு.
சேலை முந்தியில் முடிந்திருந்த கிழிந்த அட்டைகள்,
ஈரத்தில் ஊறிப்போன மருந்துச் சீட்டுகள்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து நடந்த தடம்;
மற்றவர்களுக்குத்தான் தடம்,
எனக்கு அது அச்செழுத்து.

எதையும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை.
பெயரெழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன்.
சாயங்காலம் டாக்டர் அமலோற்பவம் வருவார்,
ஒவ்வொருவரிடமும் பேசி, பிரஷர் பார்த்து, டிக் அடிப்பார்.
அறுபத்து மூன்றில் நாலை அடித்துவிட்டார்.
அந்த நாலு பேர் முகம் இன்னும் நினைவிருக்கிறது,
மற்றவர்கள் முகம் இல்லை.

டேவிட்ராஜ் தன் அம்மாவைத் தூக்கி வந்து
பெஞ்சில் உட்கார வைத்தான், அதே பூனைக்குட்டிப் பக்குவம்.
"சுகர் மாத்திரைக்கா. கரெக்டா பார்த்து எழுது."
நான் ஓரமாகத்தான் இருந்தேன்.
அந்த ஓரத்துக்கு வரிசை
சத்துணவுக் கூடம் வரை நீண்டிருந்தது.

ஆறாம் நாள் புதிதாய் ஒருவர்,
நாற்பது வயதிருக்கும், படிவத்தை நீட்டினார்.
அந்தக் கட்டத்தில் சின்னதாய் ஒரு கோடு.
"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."
காலையில் எழுந்து என்ன செய்வீர்கள் என்றேன்.
"எம்.சி. ரோட்டாண்ட செல்போன் பிரிச்சி மாட்டுவேன்.
அவ்ளோதான்."

மூலையில்
டேவிட்ராஜ் இறக்கிய அரிசி மூட்டைக்குள்
ஈரம் போகட்டும் என்று புதைத்து வைத்த
முப்பத்தோரு செல்போன்கள்
மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தன.