இரண்டாவது தடவை

பயிற்சியின் பதினோராம் நாள்.
செல்லூர் மாநகராட்சிப் பள்ளி, இரண்டாம் வகுப்பு.
என் பையில் மூன்று கண்ணாடி டம்ளர்,
இரண்டு குட்டை, ஒன்று நெட்டை.
நெட்டை ஜிகர்தண்டாக் கடையில் இரவல் வாங்கியது.
எத்தனை கழுவியும் நன்னாரி வாசம் போகவில்லை.

உளவியல் புத்தகத்தில் இது நாற்பத்தேழாம் பக்கம்.
ஏழு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு
உயரம்தான் கண்ணில் படும், அளவு படாது என்று
பனி பெய்யும் ஊரில் ஒருவர்
பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியது.
எங்களுக்குப் பத்து மதிப்பெண்.

பாண்டிமீனாவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.
"ரெண்டுலயும் தண்ணி ஒண்ணா?"
"ஒண்ணுதான் டீச்சர்."
ஒன்றை எடுத்து நெட்டையில் ஊற்றினேன்.
"இப்ப? ஒண்ணா?"
அவள் டம்ளரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
என் பேனாவைப் பார்த்தாள்.
பிறகு மெல்ல நெட்டையைத் தொட்டாள்.

சொல்ல வெட்கம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
புத்தகத்தில் உள்ளபடி ஒரு பிள்ளை!
பதிவேட்டில் எழுதினேன்:
வயது ஆறு வருடம் ஒன்பது மாதம்.
மாறாத்தன்மை: எய்தவில்லை.
மணிக்கட்டில் நட்சத்திர முத்திரை குத்தி அனுப்பினேன்.
அது வேறு பக்கம்,
எலிகளும் புறாக்களும் நமக்குச் சொல்லித்தந்த வலுவூட்டல்.

சாயங்காலம் தறிச் சத்தத்துக்கு நடுவே
பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் தண்ணீர் அன்று வந்திருந்தது.
தெருக்குழாயில் ஆளுக்கு நாலு குடம்.
"ஒங் குடம் நெட்டக் குடம், மூணோட போடி"
என்று ஒருத்தி கையைத் தட்டிவிட,
"நெட்டையா இருந்தா? இடுப்பு ஒடுங்கிக் கெடக்குல்ல"
என்கிற குரல் எங்கோ கேட்ட குரல்.
"உங்கத இதுல ஊத்திப் பாருங்கக்கா."
அந்த அக்கா ஊற்றவில்லை.
பாண்டிமீனாவே தூக்க முடியாமல் தூக்கி ஊற்றினாள்,
முட்டியில் குடத்தை அண்டக்கொடுத்து.
கழுத்துவரை ஏறி நின்றது தண்ணீர்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
"அம்புட்டுத்தேன்."
மணிக்கட்டில் நட்சத்திரம்
ஊதா மையாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.
அவளிடம் போகவும் இல்லை.

மறுநாள்தான் கேட்டேன்,
நேத்து ஏன் பாப்பா அதைத் தொட்ட?
"நீங்க ரெண்டாவது தடவ கேட்டீங்கல்ல டீச்சர்."
கேட்டா?
"ரெண்டாவது தடவ கேட்டா
மொதச் சொன்னது தப்பு."
இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சொன்னாள்.

இதை அவளுக்கு எந்தப் பக்கத்தில் யார் நடத்தியது?
ஏழும் அஞ்சும் எத்தனை என்று கேட்டு
சோனைமுத்து பன்னிரண்டு என்றதும்
"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றவள் நான்.
அவன் நல்லா யோசித்தான்,
சரியான விடையை எச்சில் தொட்டு அழித்தான்.
பதினொரு நாளில் எத்தனை அழித்தேன் என்று
எண்ணப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.
எனக்கும் யாரோ இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்,
இன்றும் வீட்டைப் பூட்டிவிட்டு
இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

ஜெசிந்தா மேடம் பதிவேட்டைப் புரட்டினார்.
"கதையெல்லாம் எழுதாதீங்கம்மா,
இருக்கிறது ரெண்டு கட்டம்,
எய்தினாள், எய்தவில்லை."
உள்மதிப்பீடு இருபது.
நான் எதையும் திருத்தவில்லை.
அவள் எய்தாதவளாகவே
பச்சை மையில் கையெழுத்தாகிக் கட்டுக்குள் போனாள்.

இன்று கணக்குப் பாடம்.
எட்டும் ஆறும்?
சோனைமுத்து எழுதி சிலேட்டைத் தூக்கிக் காட்டினான்.
பார்த்தேன். பேசாமல் நின்றேன்.
இது எனக்குப் பழக்கமில்லை,
நாக்கு நுனியில் அடுத்த தடவை துடித்தது.
அவன் விரலை நாக்கில் தொட்டு
தயாராக வைத்திருந்தான்.
கூடல்நகர்ப் பக்கம் ஒரு ரயில்
நீளமாய்ப் போய்த் தீர்ந்தது.

"கேக்கலையா டீச்சர்?"
கேட்டாச்சேடா.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு ஈர விரலைச்
சட்டையில் துடைத்துக்கொண்டான்.