நிலைப்படி

ஜூரி அறையின் தரையில்
ஹோலிஸ் ஒரு வீடு கட்டினான்,
பெயிண்டர்கள் ஒட்டும் மஞ்சள் நாடாவால்.
இது முகப்பு. எட்டடிக்கு ஆறு, பூச்சிவலை அடித்தது.
இது நிலைப்படி.
காபி மெஷின் இருக்கும் இடத்தில்
டிரம்மண்டின் சோபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பீட் வயல்களை அளந்து பழகிய கை.
ஒரு கோடும் கோணவில்லை.

நான் ஏழாம் எண்.
மான்டானாவின் இந்த மூலையில்
இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் பாதி வேலை.

யாரும் மறுக்காத விஷயங்கள்:
ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
கோரி பெல்கார்டின் வண்டி பள்ளத்தில்.
அவன் போன் செத்திருந்தது.
ஒரு மைல் நடந்திருக்கிறான்.
வலைக்கதவில் கொக்கி இல்லை.
தட்டினான்; எத்தனை முறை என்பதில்தான் தகராறு.
பிறகு குமிழைத் திருகினான்.
நவம்பரில்தான் டிரம்மண்ட் வீட்டில்
திருடன் புகுந்திருந்தான். அதுவும் உண்மை.
ஒரு தோட்டா.
ஒரு பூட்ஸ் படிக்கு இந்தப் பக்கம்,
ஒன்று அந்தப் பக்கம்.

பதினான்காம் பக்கத்தில் சட்டம் மூன்று வரி.
உள்ளே அத்துமீறி வருகிறவனால் உயிருக்கு ஆபத்து என்று
நியாயமாக நம்பினால்
பின்வாங்கத் தேவையில்லை.
'நியாயமாக' என்ற ஒரு சொல்லில்
நாங்கள் ஒரு முழு நாள் குடியிருந்தோம்.
வலை அடித்த முகப்பு வீடுதானா என்று
நீதிபதிக்குச் சீட்டு அனுப்பினோம்.
பதினான்காம் பக்கத்தை மறுபடி வாசியுங்கள்
என்று திரும்பி வந்தது சீட்டு.

"ராத்திரி இரண்டு மணிக்கு
உன் கதவுக் குமிழ் தானாகத் திரும்பிப் பார்த்திருக்கிறாயா?"
மர்னா கேட்டாள், பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள்.
இன்றும் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குகிறாளாம்.
யாரிடமும் பதில் இல்லை.

யாராவது கோரியாக நிற்க வேண்டியிருந்தது.
எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள்.
நான் எழுந்தேன்.
நாடாவுக்கு அப்பால் ஒரு கால், இப்பால் ஒரு கால்.
ஹோலிஸ் சோபா இருக்கும் இடத்தில் குந்தினான்,
மர ஸ்கேலைத் தோளில் வைத்து.
அவனுக்குத் தெரிந்தது என் உருவமா,
உருவத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னலா?
"கதவு திறக்கிறது," என்றார் யாரோ.

ஹோலிஸ் ஸ்கேலைக் கீழே வைத்தான்.
காது சிவந்திருந்தது.
"நானும் சுட்டிருப்பேன்," என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"என் பையனும் தட்டியிருப்பான்," என்றான்.

ஐந்தாம் நாள் மாலை. குற்றவாளி அல்ல.
அரசுத் தரப்பு சந்தேகத்தைத் தாண்டி நிரூபிக்கவில்லை.
அதுதான் கேள்வி, அதற்குத்தான் பதில்.
மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்
என்று நினைக்கிறேன்.
டிரம்மண்ட் சிரிக்கவில்லை.
வக்கீல் அவன் முதுகில் தட்டியபோது
தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு.

வெளியே பனிக்காற்று.
நீதிமன்றத்தின் அந்தக் கனத்த கதவு
காற்றோடு மல்லுக்கு நின்றது.
முன்னால் போன ஒருவர் திரும்பி, தோளைக் கொடுத்து,
அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டார்,
நாங்கள் பன்னிரண்டு பேரும் போகும் வரை.
கோரியின் அப்பா.
நாங்கள் யார் என்று பார்த்துத்தான் பிடித்தார்.
"நன்றி," என்றேன்.
பழக்கம்.
வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று
மூன்று வாரமாகத் தேடுகிறேன்.

திங்கள் காலை ஆறு நாற்பது, இன்னும் இருட்டு.
பிரேக்கை மிதித்தபோது ஏதோ ஒட்டி இழுத்தது.
பூட்ஸின் அடியில் மஞ்சள் நாடா,
விரல் நீளம்.
உரித்து எறிந்தேன்.
பிசின் போகவில்லை.
முதல் நிறுத்தத்தில் ஒரு சிறுமி
முகமூடிக் குல்லாவோடு, கண் மட்டும் தெரிய,
இருட்டிலிருந்து ஓடி வந்தாள்.
அவள் கை ஓங்குமுன்
கதவைத் திறந்தேன்.