ஐந்நூறு கிராம்

பொட்டலத்தின் முதுகில் அச்சிட்டிருந்தது: பத்துப் பேருக்கு.
நான் அதைப் பிறகுதான் படித்தேன்.

காய்ந்திருந்தபோது
சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் ஒரு கட்டு.
சாம்பல் நிறம். ஒரு பிடியில் அடங்கியது.
சர்க்கரைவள்ளிக் கிழங்கு இவ்வளவு விறைப்பாக
ஆகுமென்று யார் நினைப்பார்.
இது ஒருத்திக்குக் காணுமா என்ற கவலையில்
முழுவதையும் ஊறப்போட்டேன்.

தேஜோன். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு.
அலுவலகத்தில் கேட்டவர்களிடம்
ஊருக்குப் போகிறேன் என்றேன்.
ஊரில் கேட்டவர்களிடம்
அலுவலகத்தில் விடவில்லை என்றேன்.
இரண்டு பொய்களுக்கும் நடுவில்
எட்டாம் மாடியில்
வாணலியும் நானும்.

சாப்சேவுக்கு ஒரு வரிசை உண்டு.
வெளுத்தது முதலில், கறுத்தது கடைசியில்.
முட்டை, வெங்காயம், கேரட், காளான்,
எல்லாம் முடிந்தபின்
சோயாவில் ஊறிய மாட்டிறைச்சி.
ஒவ்வொன்றும் தனியே வதங்கவேண்டும்,
தனித்தட்டில் ஆறவேண்டும்.
அப்படியென்றால் நடுநடுவே வாணலி கழுவவேண்டாம்.
காரணம் அவ்வளவுதான்.
இதற்குள் வாழ்க்கைப் பாடம் எதுவும்
எனக்கு அகப்படவில்லை.

பசலைக்கீரையை வெந்நீரில் காட்டிப் பிழிந்தேன்.
ஒரு கட்டு, ஓர் எலுமிச்சை அளவுக்கு ஒடுங்கியது.
பக்கத்து அடுப்பில்
நூடுல்ஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.
மூடியைத் தலையால் தூக்கிவிட்டு
எட்டிப் பார்த்தது.

வடித்தேன். கண்ணாடி.
கத்தரிக்கோலால் நறுக்கினேன், வழுக்கியது.
இருக்கிற கிண்ணமெல்லாம் போதாமல்
துணி ஊறவைக்க வாங்கி
இன்னும் ஸ்டிக்கர் பிரிக்காத தொட்டியில் கொட்டினேன்.
நல்லெண்ணெய், சர்க்கரை, வறுத்த எள்.
கையுறை மாட்டி முழங்கைவரை பிசைந்தேன்.

பதினொன்று பத்துக்கு மேலே ஆரம்பித்தது.
தொம். தொம். தொம்தொம்.

903.
நான்கு மாதமாக லிஃப்டில் சீட்டு ஒட்டுகிறேன்.
முதல் சீட்டில் தயவுசெய்து என்ற சொல் இருந்தது.
மூன்றாவதில் இல்லை.
ஒரே ஒருமுறை பதில் வந்தது:
'குழந்தை. மன்னிக்கவும்.'
சோபாவிலிருந்து குதிக்கும் ஒரு பையனை
நானே செய்து
அவனுக்குத் தடித்த கால்களும் கொடுத்து
இரவெல்லாம் வெறுத்தேன்.

ஒரு தட்டு சாப்பிட்டேன்.
இன்னொரு தட்டு சாப்பிட்டேன்.
தொட்டி குறைந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.
அப்போதுதான் பொட்டலத்தின் முதுகைப் படித்தேன்.

டப்பாவில் அடைத்துக்கொண்டு படியேறினேன்.
சமாதானத்துக்காக அல்ல.
என் ஃப்ரிட்ஜ் சின்னது.

கதவைத் திறந்தவர் ஒரு காலில்தான் சாக்ஸ் போட்டிருந்தார்.
முதுகில் துணியால் கட்டிய பெண்குழந்தை,
ஐந்து மாதம் இருக்கும், வாய் பிளந்த தூக்கம்.
'803' என்றேன்.
அவர் முகம் மாறியது.
ஆனாலும் நிற்கவில்லை.
வலது கால், இடது கால்,
வாசலிலேயே அசைந்துகொண்டு
'நின்றால் அழுவாள்' என்றார்.

தொம், தொம்.
நான்கு மாதச் சத்தத்துக்கு
வெடித்த குதிகால் ஒன்று இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாகரிகமில்லாமல்.

டப்பாவை வாங்க ஒரு நொடி நின்றார்.
அழுதாள்.
'கியோன் தே-சூன்' என்று
அழுகைக்கு மேலாகத் தன் பெயரைக் கத்தினார்.
'பியோ ஓக்-ஹி' என்று நானும் கத்தினேன்.
அதற்குமேல் பேச எதுவும் கேட்கவில்லை.

காலையில் என் கதவுப்பிடியில்
கழுவிய டப்பா தொங்கியது. வெறுமையாக இல்லை:
சிறிய ஆரஞ்சு மூன்று,
என்னுடைய மூன்றாவது சீட்டு,
அதன் முதுகில் அவர் எழுத்து:
'கடை திறந்ததும் பஞ்சுச் செருப்பு வாங்கிவிடுகிறேன்.
உப்பு ஒரு துளி குறைவு.'

குறைவா?
பால்கனிக் குளிரில் விறைத்திருந்த தொட்டியில்
விரலால் ஓர் இழை எடுத்து மென்றேன்.

குறைவுதான்.

வாணலியை ஏற்றி, சோயா ஊற்றினேன்.
மேலே அவர் நடந்துகொண்டிருந்தார்.
தொட்டியில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.